அழுக்காறு



'அழுக்காறு' பழைய சொல். திருக்குறளின் 17-ஆவது அதிகாரமே 'அழுக்காறாமை'தான். நாம் 'பொறாமை' என்கிறோம். நம் தாய்மார்கள் 'வயித்தெரிச்சல்' என்கிறார்கள். அடுத்தவன் நன்றாக இருப்பதைக் கண்டு பொறுக்க மாட்டாத குணம் அது. அந்தக் குணம் உள்ளவனுக்கு வேறு பகைவன் தேவையில்லை என்பது வள்ளுவர் கருத்து.

இந்தச் சொல்லின் பொருளை பம்பாய்த் தமிழர்கள் பட்டறிந்தவர்கள். 1960-இல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், இங்குள்ள கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டது. 1966 ஜூன் 19-இல் சிவசேனை பிறந்தது. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. நம் லுங்கி கேலிப் பொருளாயிற்று. மராத்தி இளைஞனுக்கு வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் முதலாளியிடமும் அரசிடமும் கேட்க வேண்டிய கேள்வியை, டைப் அடித்துப் பிழைத்த மதராஸியின் மேல் திருப்பி விட்டார்கள். அழுக்காறு தானாகவும் முளைக்கும். தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர்களும் உண்டு.

இன்று பட்டியல் நம் சந்துக்குள்ளேயே வந்துவிட்டது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மேல்மாடியில் இருப்பவருக்கு அது கிடையாது. தாராவிக்கு வெளியே போக வேண்டும். ஒரே ஏணி, ஒரே குழாய், ஒரே ஊர்க்காரர்கள். இப்போது மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். 'அவன் காகிதம் சரியில்லை' என்று ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்கவும் சிலர் துணிகிறார்கள்.

தோழர்களே! நாம் உரிமை கேட்கும்போதெல்லாம் மேலிடத்தார் 'இது பொறாமை' என்பார்கள். ஏமாறக் கூடாது. 'அவனுக்குக் கிடைத்தது பறிபோகட்டும்' என்பது அழுக்காறு. 'அவனுக்குக் கிடைத்தது எனக்கும் வேண்டும்' என்பது உரிமை. முன்னதில் இருவருக்கும் வீடு இல்லை.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. கீழ்வீட்டுக்காரர் தன் மனுவோடு மேல்வீட்டுக்காரர் மனுவையும் சேர்த்துக் கொடுக்கட்டும். ஒரு சந்துக்கு ஒரே மனு; எல்லார் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். தமிழர், மராத்தியர், குஜராத்திக் குயவர், உத்தரப்பிரதேசத்துத் தொழிலாளி என்று பிரிக்காமல் எழுதுவோம்.