இறாற்குஞ்சும் உயிர்த் தொழில்நுட்பமும்

உயிர்த் தொழில்நுட்பமென்றால் மேனாட்டு ஆய்வுகூடத்துச் சங்கதி என எண்ணுகிறோம். வண்ணாத்திவில்லில் கூடியிருக்கும் நாம், 1996 இல் புத்தளம் களப்போர இறாற்பண்ணைகளைச் சூறையாடிய வெண்புள்ளி நோயை மறக்கலாமா? ஓட்டிலே புள்ளி கண்டால் 3 முதல் 10 நாட்களுள் குளமே வெறுமையாகிவிடக்கூடும், மருந்தோ இன்றுமில்லை.

ஆகவே, குஞ்சு விடுமுன்பே நோயறிதல் வேண்டும். அதற்குதவுவது அமெரிக்கரான கேரி முல்லிஸ் 1983 இல் கண்ட பி.சி.ஆர். முறை. குஞ்சினுள் ஒளிந்துள்ள வைரசின் மரபணுத் துணுக்கை, சூடாக்கியும் ஆற்றியும் 30 தடவை இரட்டிக்கச் செய்தால், ஒன்று நூறு கோடியாகும். சாயமிட்டால் கண்ணுக்குப் புலப்படும். (அவ்வெப்பத்திலும் கெடாத நொதியம் வெந்நீரூற்றுப் பற்றீரியாவின் கொடை!)

செலவுக்கஞ்சிச் சோதியாமல் விடும் குஞ்சு அயலான் குளத்தையும் கெடுக்கும். நீர் இறைப்பது ஒரே களப்பிலிருந்தல்லவா?