உளியும் எழுதுகோலும்

உளியின் பணி வேறு. எழுதுகோலின் பணி வேறு. மரத்தைச் செதுக்கும் இயந்திரத்திடம் எழுதுகோலைக் கொடுத்தால் அஃது எழுதுமா? எங்கள் பாடசாலைத் தொழிற்கூடத்திலே மாணாக்கர் சிலர் என்னிடம் கேட்ட வினா இது.

கணினியின் கட்டளைப்படி இயங்கும் 'சீ.என்.சீ.' செதுக்கியையே குறிப்பிடுகின்றேன். எண்களால் இயக்கப்படும் இத்தகைய பொறியொன்று 1952 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் இயக்கிக் காட்டப்பெற்றது. இடம் வலம், முன் பின், மேல் கீழ் என அதன் தலை நகரும். தலையிலே சுழலும் அலகு மரத்தைக் குடையும்.

மாணாக்கர் அலகைக் கழற்றி, அவ்விடத்தில் எழுதுகோலை இறுகப் பூட்டினர். கோல் சுழன்றுவிடாதிருக்கச் சுழல் மோட்டாரின் மின்தொடர்பைத் துண்டித்தோம். முதற்கோடு செம்மையாய் விழுந்தது. சற்று அப்பாற் சென்றதும் முனை தாளைக் கிழித்தது. வேறோரிடத்தில் தாளைத் தொடாமலே சென்றது. காரணம் யாது? கண்ணுக்குச் சமமாகத் தோன்றிய பலகையில் ஒரு மில்லிமீற்றரிலுங் குறைந்த மேடுபள்ளம் இருந்தது. ஆழமாகக் குடையும் அலகுக்கு அது பெரிதன்று. தாளின்மீது மெல்லத் தவழவேண்டிய முனைக்கோ அது மலையும் மடுவுமாகும்.

பரிகாரம் எளிது. எழுதுகோலை இறுகப் பிடியாது, குழாயொன்றினுள் மேலுங் கீழும் வழுக்குமாறு விட்டோம். பழைய குமிழ்முனைப் பேனாவிலிருந்து கழற்றிய சுருள்வில் அதனை மெல்லக் கீழ்நோக்கி அழுத்தியது. முனை தாளைத் தொட்ட பின்னரும் தலையை ஓரிரு மில்லிமீற்றர் தாழ்த்தினோம். மேடு வந்தாற் கோல் எழுந்தது. பள்ளம் வந்தால் இறங்கியது. ஆழத்தைக் குறிக்கும் எண்களும் இரண்டாகச் சுருங்கின: எழுதத் தாழும் மட்டம் ஒன்று, இடம்பெயர உயரும் மட்டம் மற்றொன்று.

இதனாற் பயன் என்ன என்று நீங்கள் வினவலாம். விலையுயர்ந்த பலகையில் அலகு ஒருமுறை தவறினால் அப்பலகை வீண். சென்ற தவணையில் அவ்வாறு ஒரு பலகை பாழானபோது, தேர்ந்த சிலரன்றிப் பிறர் இப்பொறியைத் தொடலாகாது என விதித்தவன் நானே. ஏனையோர் சுவரோரம் நின்று பார்த்தனர்.

இன்று ஒவ்வொருவரும் தம் உருவத்தை முதலிற் பழைய தாளொன்றில் வரைவித்துப் பார்க்கின்றனர். அளவு பிழைத்ததா, கோடு எல்லை கடந்ததா என்பதைத் தாளே காட்டிவிடுகின்றது. திருத்திய பின்னரே மரத்திற்குச் செல்கின்றனர். பிழை செய்ய ஓர் இடம் கிடைத்துவிட்டது. என் விதியை நான் நீக்கிவிட்டேன். இப்போது சுவரோரம் நிற்பார் எவருமிலர்.