துணை ஆயர் நாற்காலி



தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் நாம். ஆயர் பணியிடம் காலியாகும்போதெல்லாம் 'தலித் ஆயர் வேண்டும்' என்று குரல் எழுப்புகிறோம். எந்த ஆயர் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

துணை ஆயரும் முழுமையான ஆயர்தான். மோதிரம் உண்டு, மார்புச் சிலுவை உண்டு, தலையில் முடி உண்டு. ஆளுவதற்கு மறைமாவட்டம்தான் இல்லை. பெயருக்காவது ஒன்று வேண்டுமே என்று, எப்போதோ வழக்கொழிந்துபோன மறைமாவட்டம் ஒன்றின் பெயரை அவருக்குச் சூட்டுகிறார்கள். அவற்றில் பல வட ஆப்பிரிக்காவில் இருந்தவை. இல்லாத ஊருக்கு நாட்டாமை!

1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். சட்டம் இயற்றுவது, நிர்வாகம், நீதி மூன்றும் மறைமாவட்ட ஆயரிடம். பங்குக்குருவை நியமிப்பதும் அவரே. துணை ஆயருக்கு முதன்மைக் குரு பொறுப்போ, குறைந்தது ஒரு பகுதியை, துறையைக் கவனிக்கும் பதிலாள் பொறுப்போ தரப்படும். ஆயர் 75 வயதில் விலகினாலும் அந்த நாற்காலி இவருக்குத் தானாக வராது. அந்த உரிமை இணை ஆயருக்கு மட்டுமே. செய்தித்தாள்கள் இருவரையும் ஒன்றாக்கி எழுதுகின்றன. நாம் அப்படிச் செய்ய முடியாது.

துணை ஆயரை யார் தேர்வது? நியமிப்பவர் திருத்தந்தை. ஆனால் துணை ஆயர் தேவை என்று கருதும் மறைமாவட்ட ஆயர்தான் குறைந்தது மூன்று குருக்களின் பெயர்களை ரோமுக்கு அனுப்புகிறார். சட்டத்தின் 377ஆம் எண் இதைச் சொல்கிறது. நம் குருக்களின் பெயர் விடுபடுவது அங்கேதான்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதை அனுபவித்தவர்கள். 1966இல் ஹரோல்ட் பெர்ரி நியூ ஆர்லியன்ஸில் துணை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது அது பெரிய வெற்றியாகவே தோன்றியது. 1991இல் இறக்கும்வரை அவர் துணை ஆயர்தான். ஜோசப் ஹௌஸ் என்ற கறுப்பினத்தவர் கையில் பிலாக்சி மறைமாவட்டம் வந்தது 1977இல்.

அந்தோணி பூலா 2022இல் கர்தினாலானபோது நாமும் மகிழ்ந்தோம். அவர் துணை ஆயராக இருந்து ஏறியவர் அல்லர். 2008இலேயே கர்னூல் மறைமாவட்டம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆந்திராவில் முடிந்தது இங்கே ஏன் இத்தனை கடினம்? சாதிப் பாகுபாட்டைக் களையுமாறு இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் நேரில் சொன்னது 2003இல்.

ஆகவே, ஒரு தலித் குருவைத் துணை ஆயராக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழும் நாளில், ஏன் இணை ஆயராக இல்லை என்று எழுத்தில் கேட்போம். திருத்தந்தையின் தூதருக்கும் ஒரு படி அனுப்புவோம்.