சட்டம் வந்த நாடும் சட்டம் எட்டாத தெருவும்

(மாணவர் வாசிப்பு முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநங்கை, திருநம்பியருக்கும் எந்த நாட்டில் என்ன உரிமை இருக்கிறது என்று பேசச் சொன்னீர்கள். இந்தப் பேச்சு வந்தாலே ஒரு உலகப் படத்தைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார்கள். ஐரோப்பாவுக்குப் பச்சை, ஆப்பிரிக்காவுக்குச் சிவப்பு. பார்த்ததும் என்ன தோணும்? வெள்ளைக்காரன் நாகரிகமானவன், கறுப்பன் காட்டுமிராண்டி. இந்தப் பாடம் நமக்குப் புதுசில்லை. அதனால் அந்தப் படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிட்டுப் பேசலாம்.

முதலில், சிவப்பு மையை ஊற்றியது யார்? 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவை எழுதியது பிரிட்டிஷ் ஆட்சி. 'இயற்கைக்கு மாறானது' என்று பேர் வைத்து ஆயுள் தண்டனை வரை போட்டது. இதே சரக்கு கொஞ்சம் முன்னே பின்னே மாறி இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கென்யா, உகாண்டா என்று போனது. 1967இல் இங்கிலாந்து தன் வீட்டில் மட்டும் அந்தக் குற்றத்தை ஓரளவு நீக்கிக்கொண்டது. உகாண்டாவில் 2023இல் புதுச் சட்டம் போட்டுச் சிலவற்றுக்கு மரண தண்டனை வரை கொண்டுபோனார்கள். 'இது மேல்நாட்டு இறக்குமதி, நம்ம பண்பாடு இல்லை' என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயம். இறக்குமதியானது எது? ஆணை ஆண் நேசிப்பதா, அதற்குத் தண்டனை தரும் சட்டமா?

அதற்காக எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. இலங்கையில் 1995இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது 'ஆண்' என்றிருந்ததை 'ஆள்' என்று பொதுவாக்கி, அதுவரை சட்டத்தில் வராத பெண்களையும் குற்றவாளிகளாக்கினார்கள். அதை எந்தத் துரையும் வந்து செய்யவில்லை.

சரி, அரசியல் சட்டத்திலேயே பாலீர்ப்பின் பேரால் பாகுபாடு கூடாது என்று உலகில் முதலில் எழுதிய நாடு எது? பச்சை பூசிய ஐரோப்பாவில் இல்லை. தென் ஆப்பிரிக்கா. 1993 இடைக்கால அரசியல் சட்டத்தில் எழுதி, 1996 அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவில் உறுதியாக்கினார்கள். 2006இல் திருமண உரிமையும் வந்தது. இங்கிலாந்துக்காரன் அதற்கு 2014 வரை காத்திருந்தான். 

இது எப்படி நடந்தது? பெரிய மனசு பண்ணி யாரும் கொடுக்கவில்லை. சைமன் என்கோலி என்றொரு கறுப்பினத் தோழர். 1984இல் வாடகை உயர்வை எதிர்த்துக் கறுப்பர் குடியிருப்புகளில் எழுந்த போராட்டத்தில் கைதானவர். டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் 22 பேரில் ஒருவர். தூக்கு வரை போகக்கூடிய வழக்கு. சிறைக்குள் அவர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். கூட இருந்த தோழர்கள் சிலருக்கு அதிர்ச்சி. 'அரசு இதை வைத்து நம்மைக் கேவலப்படுத்தும், இவரைத் தனியா விசாரிக்கட்டும்' என்றார்கள். வெளியே வெள்ளையர் நிறைந்த தன்பாலீர்ப்பாளர் சங்கம் ஒன்று இருந்தது. அவர்களோ 'எங்களுக்கு அரசியல் வேண்டாம்' என்று அவருக்காக வாய் திறக்கவில்லை. இங்கே போனால் அதை விடு, அங்கே போனால் இதை விடு.

அவர் எதையும் விடவில்லை. சிறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வாதாடினார். கடைசியில் எல்லோரும் சேர்ந்தே கூண்டில் நின்றார்கள். 1988இல் விடுதலையாகி வந்து கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த அமைப்பைக் கட்டினார். 1990இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த முதல் பெருமித ஊர்வலத்தை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். உடன் சிறையிருந்த லெக்கோட்டா பின்னாளில் சொன்ன நியாயம் இதுதான்: நிறவெறியை ஒழிக்கத் தோள் கொடுத்தவர்களை, ஒழித்த பிறகு எப்படி ஒதுக்கி வைப்பது? இந்த வாதம் இயக்கத்துக்குள் முன்னமே நடந்திருந்ததால்தான் அந்த வரி சட்டத்துக்குள் ஏறியது. என்கோலி 1998இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

இத்தோடு முடித்தால் நானும் பச்சை மை பூசுகிறவன் ஆகிவிடுவேன். 2008 ஏப்ரலில் குவாதீமா என்ற கறுப்பர் குடியிருப்பில் யூடி சிமெலானே என்ற பெண்ணைக் கும்பலாக வல்லுறவு செய்து கொன்றார்கள். தேசியப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடியவர். பெண்ணை நேசிப்பவர் என்பதை மறைக்காதவர். 'திருத்துகிறோம்' என்று சொல்லியே இத்தகைய வல்லுறவுகள் அங்கே நடந்திருக்கின்றன. கேப் டவுனில் மதில் கட்டிய வீட்டிலிருந்து காரில் இறங்குகிறவருக்கு அரசியல் சட்டம் கைக்கெட்டுகிறது. வேலை முடிந்து இருட்டில் நடந்து வீடு திரும்பும் கறுப்பினப் பெண்ணுக்கு? சட்டம் ஒரே சட்டம்தான். தெருதான் வேறு. இந்திய அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தாயிற்று. அது எந்தெந்த ஊர் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது என்று உங்களுக்கு நான் சொல்லணுமா?

அப்படியானால் சட்டம் வீணா? இல்லீங்க. வழக்குப் போடவும் தண்டனை கேட்கவும் அந்த வரி வேணும். 2018 செப்டம்பர் 6 அன்று நம் உச்ச நீதிமன்றம் 377ஐ முடக்கியபோது தென் ஆப்பிரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பேசியது. அதே நீதிமன்றம் 2023இல் திருமண உரிமை தர மறுத்தது. ஆகவே இது பாதி வழிதான்.

நம் பக்கம் ஒரு கேள்வி நிற்கிறது. திருநர்களைப் பிற்படுத்தப்பட்டவர்களாகக் கருதி இடஒதுக்கீடு தரச் சொன்னது 2014 தீர்ப்பு. கிரேஸ் பானு போன்ற தலித் திருநர் தோழர்கள் என்ன கேட்கிறார்கள்? ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனி இடம், கிடைமட்ட இடஒதுக்கீடு. தலித்தாகவும் திருநங்கையாகவும் இருப்பவர் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றை வாங்க முடியாது என்பதுதான் அதன் பொருள். என்கோலி சிறையில் வாதாடியதும் இதைத்தான்.

'முதல்ல சாதி ஒழியட்டும், உங்க விஷயத்தை அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்கிற தோழர்களும் இருக்கிறார்கள். அந்த 'அப்புறம்' என்ற சொல்லை நம்மிடம் எத்தனை பேர் எத்தனை காலமாய்ச் சொல்லியிருக்கிறார்கள்! அதை நாம் இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. உங்கள் அமைப்பு அடுத்து அச்சடிக்கப்போகும் துண்டறிக்கையில் கிடைமட்ட இடஒதுக்கீட்டையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள். யாராவது எதிர்த்தால் அங்கேயே உட்கார்ந்து வாதாடுங்கள்.