நோட்டில் ஏறாத அறிவு நாளைக்கு உதவாது

(தாராவியில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாடகை, ரேஷன், மறுகுடியமைப்பு என்று ஆயிரம் கவலை இருக்கும்போது, வீடியோ எடுக்கச் சொல்லித்தரும் யோசனைகளைச் சேர்த்து வைப்பது பற்றி ஒரு பேச்சா என்று சிலர் கேட்கலாம். போன மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள், அந்தக் கேள்வி எழாது.

நம் சந்துகளில் சாக்கடைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. பிள்ளைகள் அலைபேசியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இருபதுக்கு மேல் வீடியோ எடுத்தார்கள். அவற்றைக் கொண்டுபோய் ஓர் அலுவலகத்தில் காட்டினோம். அங்கிருந்த அதிகாரி கேட்டார்: "இது எந்தச் சந்து? எந்தத் தேதி? போன வருடத்துப் படம் இல்லை என்று எப்படி நம்புவது?" நம்மிடம் பதில் இல்லை. படம் ஆடியது. மழைச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. ஒன்றில் பின்னணியில் சினிமாப் பாட்டு வேறு ஓடியது. தலைகுனிந்து திரும்பினோம்.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு, தோழர்களே. எப்படி எடுக்க வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்டிருந்தது! நம் மகளிர் குழுத் தங்கை ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே போட்டிருந்தார். "முதலில் தேதியையும் இடத்தையும் வாயால் சொல்லுங்கள். கடைப் பலகையைக் காட்டிவிட்டுத் தண்ணீரைக் காட்டுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்தால் படம் ஆடாது." கேட்டோம், கைதட்டும் பொம்மை அனுப்பினோம், மறந்தோம். வேண்டிய நாளில் தேடினால், குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு அடியில் அது எங்கோ புதைந்து கிடந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம்.

நமக்கு முந்திய தலைமுறைக்கு இந்த வித்தை தெரியும். ஊரில் படிப்பகம் வைத்திருந்தவர்கள் பத்திரிகை நறுக்குகளைப் பழைய நோட்டில் ஒட்டி, மேலே தேதி எழுதி வைத்தார்கள். மேடையேறுகிறவர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டுத்தான் ஏறுவார். இன்று அலைபேசியே மேடை. நோட்டைத்தான் காணோம்.

இரயில்வே குமாஸ்தாக்களான எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விதிப்புத்தகம் அச்சாகி வந்த பிறகும் விதி மாறிக்கொண்டே இருக்கும். மாறும்போதெல்லாம் எண் போட்ட கரெக்ஷன் ஸ்லிப் வரும். உரிய பக்கத்தில் அதை ஒட்டுவோம். ஒட்டாத புத்தகத்தை நம்பி வேலை செய்தவன் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டிவரும்.

இந்த வீடியோ உலகமும் அப்படித்தான். விளம்பர வருவாயில் பங்கு தர யூடியூப் 2017இல் கேட்டது மொத்தம் 10,000 பார்வை. 2018இல் அதை மாற்றி, 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்றது. ஷார்ட்ஸ் 60 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். 2024 அக்டோபர் முதல் 3 நிமிடம் வரை போகலாம் என்றார்கள். ஆகவே தேதியில்லாத யோசனை, பழைய கால அட்டவணை போன்றது. அதை நம்பி வந்தவனுக்கு வண்டி போய்விட்டிருக்கும்.

எனவே நாம் வைக்கப்போகும் முறை இது. நோட்டில் ஐந்து தலைப்பு. ஒன்று, எடுப்பது: வெளிச்சம், சத்தம், கை நடுக்கம். இரண்டு, பேசுவதும் எழுதுவதும். மூன்று, வெளியிடுவது: தலைப்பு, முகப்புப் படம், நேரம். நான்கு, விதியும் பணமும். சினிமாப் பாட்டைச் சேர்த்தால் உரிமையாளர் அந்த வீடியோவின் வருவாயை எடுத்துக்கொள்ளவும் முடியும், வீடியோவையே தடுக்கவும் முடியும் என்பது போன்றவை இதில் வரும். ஐந்து, பாதுகாப்பு: குழந்தைகள் முகம், ஆதார் எண், வீட்டு விலாசம் படத்தில் விழாமல் பார்ப்பது.

ஒவ்வொரு யோசனைக்கும் நான்கு வரி போதும். என்ன யோசனை, யார் சொன்னது, எந்தத் தேதி, நாம் செய்து பார்த்தோமா. நான்காவது வரிதான் உயிர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. செய்து பார்த்துப் பலித்ததற்கு ஒரு டிக். பலிக்காததையும் அடிக்க வேண்டாம், ஏன் பலிக்கவில்லை என்று எழுதுங்கள். "ஒரே மாதத்தில் லட்சம்" என்று கட்டணம் கேட்கும் பேர்வழிகளின் யோசனை இந்த நான்காவது வரியில்தான் மாட்டிக்கொள்ளும்.

அலைபேசியிலேயே வைத்தால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வைக்கத்தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் போடுங்கள். பொறுப்பாளர் மட்டும் எழுதக்கூடிய தனிக் குழு ஒன்று தொடங்குவோம், அங்கே ரோஜாப்பூ நுழையாது. ஆனால் அடுத்தவன் திண்ணையில் போட்ட மூட்டைக்கு நாம் அதிகாரி இல்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. நம் பெண்களும் பையன்களும் அங்கே ஏற்றியிருந்தது எத்தனை! கையில் பிரதி வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் தொடங்கினார்கள். வைக்காதவர்கள் கையைப் பிசைந்தார்கள். அதனால் நோட்டில் ஒன்று, அலைபேசியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று.

இந்த நோட்டு யோசனையும் எங்கள் மூளையில் உதித்ததில்லை. விடியற்காலையில் இட்லிப் பாத்திரம் சுமந்து போகும் ஒரு தாயார், அதிகாரியிடம் நாம் பட்டதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடன் கணக்கை நான் போனிலேயா வச்சிருக்கேன்? யார், எப்போ, எவ்வளவு, வந்துச்சா வரலியா, நாலு கோடு. இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?" அவருக்கு எழுத்து தெரியாது. சுவரில் கோடு போட்டே கணக்கு வைக்கிறார். ஒரு ரூபாய் தவறியதில்லை.

அவரைப் போன்றவர்களுக்காக, டிக் விழுந்த ஒவ்வொரு யோசனையையும் தமிழில் குரலாகவும் பதிய வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தியும் ஆங்கிலமும் புரியும், தாய்மார்கள் தனித்து நிற்கக் கூடாது.

தோழர்களே! முதல் நோட்டு இதோ மேசையில் இருக்கிறது. பொறுப்பாளர் இருவர் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு பழையதைப் பார்த்து கரெக்ஷன் ஸ்லிப் ஒட்டுவோம். முதல் பக்கத்தில் அந்தத் தங்கை சொன்னதை, அவரையே மறுபடி சொல்லச் சொல்லி, இன்றே எழுதுவோம். அடுத்த மழை வரும்போது நம் படத்தைப் பார்த்து "எந்தச் சந்து?" என்று எவரும் கேட்கக் கூடாது.