சிறு கருவிகளின் பெருங்கூட்டு



மின்சாரம் எந்த அணையில் பிறந்ததென்று நாம் வினவுவதில்லை. விசையைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. கணிக்கும் ஆற்றலையும் இவ்வாறே பலவிடத்துப் பொறிகளை வலையாக இணைத்துப் பெறலாம் என்னும் எண்ணம் 1990களில் 'கிரிட்' எனப் பெயர் பெற்றது. அதே பத்தாண்டின் தொடக்கத்தில், 1991இல், அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்து அறிஞர் மார்க் வைசர் மற்றொன்றை எழுதினார்: கணிப்பொறி மேசையை விட்டிறங்கி, அன்றாடப் பொருள்களுக்குள் கண்ணுக்குப் புலப்படாமல் கலந்துவிடும் என்று. நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியும் கடைவாசல் காமிராவும் அதற்குச் சான்று.

இவ்விரண்டும் கூடினால் என்னாகும்? 1999இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார், வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிக் குறிகளைத் தேடும் பெருங்கணக்கைச் சிறுசிறு கூறுகளாக்கி, விருப்பமுள்ளோர் இல்லங்களில் சும்மா கிடந்த கணிப்பொறிகளுக்குப் பங்கிட்டனர். இலட்சக்கணக்கானோர் சேர்ந்தனர், 2020 வரை பணி நடந்தது. அவ்வுயிர்கள் அகப்படவில்லை என்பது வேறு செய்தி! இத்தகைய பணிகளுக்கான 'பாயிங்க்' என்னும் மென்பொருள் 2013இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் வந்தது. மின்னேற்றத்தில் இருக்கையில் கைப்பேசி கணக்கிடும். அளவுமீறிச் சூடேறினால் நிறுத்திக்கொள்ளும்.

முன்பின் அறியாதவரின் பொறி தவறான விடை தந்தால்? ஒரே கணக்கை இரு பொறிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்தால் ஏற்பது அங்குள்ள வழக்கம். ஒரே விடைத்தாளை இரு ஆசிரியரிடம் தந்து நாம் திருத்தச் செய்வதில்லையா, அது போலத்தான்.

ஆயின் உடையவர் இசைவின்றியும் இக்கூட்டு நடைபெறும் என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 2016இல் 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத காமிராக்களையும் ரூட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அத்தகைய கருவிகள் 'டைன்' என்னும் நிறுவனத்தின்மீது ஒருங்கே ஏவப்பட, அமெரிக்காவில் ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் முடங்கின. காமிராவோ வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டிருந்தது. உடையவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

நாமும் அவரைக் குறைகூற இயலாது. நம் பள்ளி ரூட்டரில் வாங்கிய நாளின் கடவுச்சொல்லே மூன்றாண்டு இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர். சங்க நூலகத்து ரூட்டரை இக்கூட்டம் முடிந்ததும் சென்று பார்ப்போம். அம்மாணவியையும் உடன் அழைத்து வந்துள்ளோம்.