திடலுக்கு யார் பெயர்?

(யூபிலி விளையாட்டு விழாவில் விளையாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

ஆலயத்திற்குப் பின்னாலுள்ள திடலைச் சீர்படுத்தி, யூபிலி நினைவாக அதற்கு ஒரு பெயர் சூட்ட வேண்டும் என்று பேச்சு எழுந்துள்ளது. புனிதர் பெயரா, மறைந்த பெரியவர் பெயரா, நன்கொடையாளர் பெயரா என்று விவாதம் சூடாகவே நடக்கிறது. அதுபற்றி இரண்டு வார்த்தை சொல்ல நாங்கள் அனுமதி கேட்டோம்.

பெயர் என்பது விந்தையானது. நம் நாவலூர் வழியாகப் போகும் பெருஞ்சாலைக்கு 2008-இல் இராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள். பஸ் ஏறுகிறவர் இன்றும் 'ஓ.எம்.ஆர்.' என்றுதான் சொல்கிறார். அதே சாலையில் தெற்கே போனால் வரும் மாமல்லபுரமோ, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயரை இன்றும் சுமக்கிறது. மாமல்லன் என்றால் பெரிய மல்லன்; அதுவும் ஒரு விளையாட்டு வீரனின் பட்டந்தானே!

கடல் கடந்து ஒரு திடலைப் பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அசிசியார் புனித கிளாராவின் பெயர் தாங்கிய சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்தை இயேசு சபையார் 1851-இல் தொடங்கினர். அங்கே 1962-இல் திறந்த ஸ்டேடியத்திற்கு 'பக் ஷா' என்று பெயர். லாரன்ஸ் ஷா என்பவரின் செல்லப்பெயர் பக். 1936 முதல் 1942 வரை அங்கே பயிற்சியாளராயிருந்தவர். முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடி, ஆளை ஆள் மோதித் தள்ளும் ஆட்டம் அவருடையது. (அதற்குப் போய்க் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!) 1977-இல் அவர் காலமானார். செலவு கட்டாமல் 1993-இல் பல்கலைக்கழகம் அந்த ஆட்டத்தையே கைவிட்டது. பெயர் மட்டும் நின்றது, ஆட்டம் போய்விட்டது.

அந்தத் திடலின் புகழை வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள் உண்மையான கால்பந்து ஆடிய மாணவிகள். 1999 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் பார்த்திருக்க, சீனத்திற்கு எதிராக வெற்றி உதை உதைத்த பிராண்டி சாஸ்டெய்ன் அக்கல்லூரியில் ஆடியவர். 2001-இல் அம்மாணவிகள் அமெரிக்கக் கல்லூரிகளின் சாம்பியன் பட்டம் வென்றனர். கொள்ளைநோயால் தள்ளிப்போய் 2021 மே மாதம் முடிந்த போட்டியிலும் வென்றனர். இதற்கு வழி திறந்தவற்றுள் பெரிது, அரசு உதவி பெறும் கல்விக்கூடங்களில் பெண்ணென்று ஒதுக்கக் கூடாது என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டம். 2015-இல் பெருநன்கொடை அளித்த ஸ்டீவன்ஸ் தம்பதியர் பெயரை அந்த ஸ்டேடியத்திற்குச் சூட்டினார்கள்.

கொடுத்தவரின் பெயரை எழுதுவதில் எமக்கு ஆட்சேபம் இல்லை, நன்றி மறக்கலாகாது. ஆயினும் ஓடி வியர்த்தவர்களின் பெயர் அந்த ஸ்டேடியத்திற்குச் சூட்டப்படவில்லையே என்று எமக்குள் ஓர் ஆதங்கம்.

நம் நாட்டுப் பெண்களும் சளைத்தவர்களல்லர். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வீழ்த்தித் தமிழ்நாட்டு அணி முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆயிற்று. 2023-இல் அமிர்தசரசில் அரியானாவை அதே கணக்கில் வென்று மீண்டும் கோப்பை கொண்டுவந்தது.

நம் திடலில் நடப்பதென்ன? மாலையானால் பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்பு ஊன்றிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். பெரிய பெண்ணானதும் தாய்மார்கள் அனுப்புவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். விளக்கில்லை, உடை மாற்ற ஓர் அறையில்லை, கழிப்பறைக்குப் பூட்டில்லை. எந்தத் தாய் துணிவாள்?

ஆகவே எம் கோரிக்கை இது. பளிங்குப் பலகைக்கென ஒதுக்கிய பணத்தில் முதலில் இரண்டு விளக்குக் கம்பங்களும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கட்டுங்கள். செவ்வாய், வெள்ளி மாலைகளில் நாலரை முதல் ஆறு மணிவரை திடல் பெண்பிள்ளைகளுக்கே என்று கோயில் அறிவிப்பில் வாசியுங்கள். பையன்களிடம் நாங்கள் பேசிவிட்டோம், முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார்கள். பெயரைப் பற்றி அடுத்த ஆண்டுத் திருவிழாவில் பேசுவோம்.